சிகிச்சை முடியும்வரை படுத்தே கிடக்க வேண்டுமா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

சேலம் அம்மாபேட்டையில் இருந்து எழுதுகிறேன். வயது 51. வீட்டிலேயே தறி இருக்கிறது. கல்யாணமாகி வந்த நாள் முதல் ராட்டையில் தார் சுற்றுவது, அதாவது தறிக்கான நூலைச் சிறு குச்சியில் சுற்றுவது, என் வேலை. மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு முறை கீமோ ஏற்றிக்கொள்கிறேன். பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

வீட்டில் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்ல மனசு வரவில்லை. ஆனால் ராட்டை பக்கம் போனாலே மகன், "நீ போய்ப் படும்மா" என்கிறான். மருமகள் அடுப்படிக்குள் விடுவதில்லை. பார்க்க வருகிறவர்கள் என்னிடம் "தைரியமா இரு" என்று சொல்லிவிட்டு, வாசலில் என் வீட்டுக்காரரிடம் குசுகுசுக்கிறார்கள். நாள் முழுக்க விட்டத்தைப் பார்த்துப் படுத்திருந்தால் கெட்ட நினைப்புதான் வருகிறது. போன வாரம் யாரும் இல்லாதபோது ராட்டையில் உட்கார்ந்தேன். விரல் நுனி மரத்துப்போய், நூல் அறுந்ததுகூடத் தெரியவில்லை. அழுதுவிட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. ஆடியில் கோட்டை மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கவும் கூடாது என்கிறார்கள். சிகிச்சை முடியும்வரை நான் இப்படியே கிடக்க வேண்டியதுதானா?

— அம்மாபேட்டை வாசகி

அன்புச் சகோதரிக்கு,

வேண்டியதில்லை. அதே சமயம், முன்பு செய்ததை எல்லாம் செய்தே தீருவேன் என்ற பிடிவாதமும் வேண்டாம். கீமோவின் மூன்று வாரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. எல்லா நாளுக்கும் ஒரே சட்டம் போடுவதால்தான் உங்கள் வீட்டில் இந்த இழுபறி.

மருந்து ஏறிய முதல் சில நாள் குமட்டலும் அசதியும் இருக்கும். தயங்காமல் படுங்கள். ஏறக்குறைய 7ஆம் நாளில் இருந்து 14ஆம் நாள்வரை ரத்தத்தில் நோய்த்தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். உடம்பு தெம்பாகத் தெரிந்தாலும் கூட்டத்துக்குள் போகக் கூடாத நாள்கள் அவை. காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூன்றாவது வாரம் பெரும்பாலானவர்களுக்கு உடம்பு தேறி வரும். உங்கள் விருப்பங்களை அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தினசரி காலண்டரில் இதைக் குறித்து மாட்டிவிட்டால் வீட்டாருக்கும் புரியும்.

பொங்கல் விஷயமும் அப்படித்தான். தேதியைச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால், இந்த ஆண்டு வீட்டு வாசலிலேயே அம்மனை நினைத்துப் பொங்கல் வையுங்கள்; சூடான பானையை மட்டும் மருமகள் பார்த்துக்கொள்ளட்டும்.

விரல் மரத்துப்போனதை மறைத்திருக்கிறீர்கள். எனக்கு இதுதான் கவலை. சில கீமோ மருந்துகள் நரம்பைப் பாதிக்கும். சொன்னால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்களோ என்று பலர் பயந்து வாய் திறப்பதில்லை. சொன்னால்தான் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ டாக்டரால் முடியும். விடக்கூடாது, நாளைக்கே சொல்லுங்கள். விரலில் உணர்ச்சி சரியாகும்வரை சூடான பாத்திரமும் அரிவாள்மனையும் வேண்டாம். இதில் உங்கள் மருமகள் பக்கம்தான் நான். ஆனால் ஊடைக்கு (துணியில் குறுக்கே ஓடும் இழைக்கு) எந்த நூல், எந்தச் சாயம் என்று பார்த்து எடுத்துக் கொடுக்கக் கண் போதும். இத்தனை வருஷப் பழக்கம் உள்ள கண் அது. அந்த வேலையை உங்களுக்கே விடச் சொல்லிக் கேளுங்கள். சாயங்காலம் தெருமுனைவரை மெதுவாக நடந்துவிட்டு வாருங்கள். படுத்தே இருந்தால் அசதி கூடும். அளவான நடை அதைக் குறைக்கும்.

வீட்டுக்காரரிடம், "என்னைப் பத்திப் பேசறதை என் முன்னால பேசுங்க" என்று ஒரு முறை நேராகச் சொல்லிவிடுங்கள். வாசலில் என்ன பேசினார்களோ என்று யூகித்துத் தவிப்பதைவிட, காதால் கேட்பது எவ்வளவோ மேல். கெட்ட நினைப்பு விடாமல் துரத்தினாலோ தூக்கம் கெட்டாலோ, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மகனையும் உள்ளே அழைத்துப் போங்கள். எது செய்யலாம், எது கூடாது என்பதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டால், தினமும் ராட்டை பக்கத்தில் நின்று நீங்கள் இருவரும் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.