சிறுநீரகம் பழுதானவருக்கு ட்ரோபோனின் கூடினால்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. கிரியேட்டினின் 3.1, டயாலிசிஸ் தொடங்கவில்லை. மூச்சிரைப்பு என்று சேர்த்தோம். ட்ரோபோனின் டி 58 நானோகிராம்/லிட்டர், மூன்று மணி நேரம் கழித்து 61. 14-க்கு மேல் போகக் கூடாது என்று அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனால் மாரடைப்பு இல்லை என்கிறார்கள். எப்படி?

பதில்: ட்ரோபோனின் என்பது இதயத்தசை பாதிக்கப்படும்போது ரத்தத்தில் கலக்கும் புரதம். அந்த 14, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 99 பேர் அடங்கும் எல்லை. நாள்பட்ட சிறுநீரக நோயில் இதயத்தசை தடித்து, எப்போதும் சிறிதளவு ட்ரோபோனினைக் கசியவிடும். அதை வெளியேற்றும் வேலையும் மந்தமாகிவிடும். அதனால் மாரடைப்பே இல்லாமல் பலருக்கு அளவு 14-ஐத் தாண்டியே நிற்கும். டயாலிசிஸில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதே நிலைதான்.

எனவே பார்க்க வேண்டியது ஏற்ற இறக்கத்தை. முதல் அளவே கூடுதலாக இருந்தால், சுமார் 20 சதவீதத்துக்கு மேல் மாறினால்தான் திடீர் பாதிப்பு என்று சந்தேகிப்பார்கள். உங்கள் அப்பாவுக்கு அது 70-ஐத் தொட்டிருக்க வேண்டும். ஏறியதோ 5 சதவீதம்தான். ஆனாலும் இதை மட்டும் வைத்து முடிவுகட்ட முடியாது. வலி தொடங்கிப் பல மணி நேரம் கழித்து வருபவருக்கு அளவு உச்சத்தில் சமமாக நிற்கலாம். சர்க்கரை நோயும் சேர்ந்தால் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சிரைப்பாக மட்டும் மாரடைப்பு வரலாம். இசிஜியும் எக்கோவும் அதற்காகத்தான்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. ட்ரோபோனின் டி-யையும் ஐ-யையும் ஒப்பிடுவது ஒன்று. இரண்டும் வெவ்வேறு சோதனைகள், எல்லைகளும் வேறு. மற்றது அலகு: 0.058 நானோகிராம்/மி.லி. என்பதும் 58 நானோகிராம்/லிட்டர் என்பதும் ஒன்றே. உடல்நிலை சீராக இருக்கும்போது ஒரு முறை எடுத்து, அந்த அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். அடுத்த அவசரத்தில் ஒப்பிட அதுதான் கைகொடுக்கும். மாறாமல் நிற்கும் 58-ஐயும் அலட்சியப்படுத்த வேண்டாம். வருங்கால இதய ஆபத்தை அது காட்டுகிறது.

கேள்வி: டயாலிசிஸ் செய்யும் அம்மாவுக்கு என்டி-புரோபிஎன்பி ஒவ்வொரு முறையும் ஒரு அளவு காட்டுகிறதே?

பதில்: இதயத்தின் சுவர் இழுபடும்போது ரத்தத்தில் கூடும் பொருள் இது. ரத்தம் எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் நீர் சேரச் சேர அது ஏறும். நீரை இறக்கியபின் குறையலாம், சில வடிகட்டிகள் அதையே ஓரளவு அகற்றியும்விடும். எப்போதும் டயாலிசிஸுக்கு முன், வாரத்தின் அதே நாளில் எடுத்ததோடு ஒப்பிடுங்கள். இது பெரிதும் சிறுநீரகத்தை நம்பியே வெளியேறுவதால், இதன் இணைப் பொருளான பிஎன்பி-யைவிட அதிகமாக உயரும். சாகுபிட்ரில் என்ற இதயச் செயலிழப்பு மருந்து கலந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு மட்டும் பிஎன்பி பொருந்தாது. அந்த மருந்தே அதைக் கூட்டிவிடும்.