ஊசி போட்ட இடம் வீங்காவிட்டால் காசநோய் இல்லையா?

கேள்வி: என் கலப்பின ஜெர்சிப் பசு கன்று போட்டு 3 வாரம் ஆகிறது. தீனி எடுத்தும் இளைத்துக்கொண்டே போகிறது, விடிகாலையில் இருமுகிறது. கீட்டோசிஸுக்கு (கன்று போட்டபின் ரத்தத்தில் சர்க்கரை குறையும் நோய்) டெக்சாமெத்தசோன் ஊசி போட்டிருந்தார்கள். போன வாரம் கழுத்தில் டியூபர்குலின் என்ற காசநோய்ச் சோதனை ஊசி போட்டுப் பார்த்தபோது வீக்கமே இல்லை. காசநோய் இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில்: விடாதீர்கள். டியூபர்குலின் கிருமியைத் தேடுவதில்லை. மாட்டின் எதிர்ப்பணுக்களுக்குக் கிருமி முன்பே பழக்கமா என்றுதான் பார்க்கிறது.

காசநோய்க் கிருமியை மேக்ரோபேஜ் என்ற வெள்ளையணு விழுங்கும். ஆனால் அதைச் செரிக்கும் அமிலப்பை வந்து சேராதபடி கிருமி தடுத்துவிட்டு, விழுங்கிய அணுவுக்குள்ளேயே பெருகும். டி அணுக்கள் என்ற வேறு வெள்ளையணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரந்தால்தான் மேக்ரோபேஜுக்கு வேகம் வந்து கிருமியை ஒடுக்கும். டி.என்.எஃப். ஆல்பா என்ற இன்னொரு சுரப்பு மற்ற அணுக்களைத் திரட்டிக் கிருமியைச் சுற்றி வளைக்கும். இவற்றை அடக்கும் ஐ.எல்.-10 என்ற சுரப்பு மிகுந்தால் பிடி தளரும், கிருமிக்குக் கொண்டாட்டம்.

கழுத்துத் தோல் தடிப்பதும் இவற்றில் முதல் இரண்டு சுரப்புகளால்தான். டெக்சாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, அவற்றை அடக்கும். கன்று போட்ட முதல் சில வாரங்களிலும் அவை மந்தம். அதனால் தோல் வீங்காது, உள்ளே கிருமி வளர்ந்துகொண்டிருக்கலாம். நோய் முற்றிய மாட்டிலும் வீங்காமல் போவதுண்டு. உங்கள் மாடு இளைப்பதால் அதையும் ஒதுக்க முடியாது.

முந்தைய ஊசியிலிருந்து 60 நாள் விட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். இடையில் ஸ்டீராய்டு வேண்டாம். முடியைக் கத்தரித்து, தோல் மடிப்பைக் காலிப்பர் என்ற தடிமன் அளவியில் அளந்து, 0.1 மி.லி. தோலுக்குள்ளேயே ஏற்ற வேண்டும். அங்கே பட்டாணி அளவு முண்டு எழாவிட்டால் மருந்து தோலுக்கு அடியில் போய்விட்டது, சோதனை வீண். 72 மணி நேரம் கழித்து, முன்பு அளந்தவரே அளப்பது நல்லது. 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் நோய். 2-க்கு மேல் 4-க்குள் என்றால் சந்தேகம். விரலால் தடவிப் பார்த்துச் சொல்வதை ஏற்காதீர்கள். இன்டர்ஃபெரான் காமா ரத்தச் சோதனையும் உண்டு. ஸ்டீராய்டு அதையும் ஏமாற்றிவிடும்.

அதுவரை மாட்டைத் தனியே கட்டி, தனித் தொட்டியில் தண்ணீர் காட்டுங்கள். கன்றுக்கும் காய்ச்சி ஆற்றிய பால்தான். தரையைக் கழுவி 5 சதவீத பீனால் கரைசல் ஊற்றுங்கள். சாணம் கிடக்கும் தரையில் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது. மாட்டுக்குக் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டாம். பல மாதம் பிடிக்கும், பாலிலும் இறங்கும்.

வீட்டில் யாருக்காவது 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குப் போகும்போது பச்சைப்பால் குடித்ததைச் சொல்லுங்கள். மாட்டுக் காசநோய்க் கிருமிக்கு, மனிதருக்குக் காசநோய்க்குத் தரும் பைராசினமைடு மாத்திரை பலிக்காது.