தேயிலைச் சாய ஓவியத்தில் பூஞ்சணம்: ஹட்டன் தங்கைக்கு

சாயத்தையும் தோட்டத்துச் செம்மண்ணையும் மனம் போனபடி ஊற்றி வரைகிறீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது, மண் உதிர்கிறது என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அந்த வேகத்தை விட்டுவிடாதீர்கள். திருத்த வேண்டியது பொருட்களைத்தான்.

குடித்து மிஞ்சிய தேநீர் வேண்டாம். சீனியும் பாலும் பூஞ்சணத்துக்குச் சாப்பாடு. வெறும் தூளைக் கெட்டியாகக் காய்ச்சி, வடித்து, அன்றைக்கே பாவியுங்கள். மாப்பசையும் கூடாது. மண்ணைத் துணியில் சலித்து, கொஞ்சம் பைண்டர் கம் என்ற வெள்ளைப் பசை கலந்தால் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலவையைத் தடிப்பாகப் பூசினால் காய்ந்ததும் வெடிப்பு விழும்.

கறுப்பு வேண்டுமா? கறள் பிடித்த ஆணிகளை வினாகிரியில் சில நாள் ஊறவையுங்கள். அந்த நீர் ஈரச் சாயத்தில் பட்டதும் கருநீலச் சாம்பல் நிறம் தானாகப் பரவும். தேயிலையின் தனின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்வதால் வருவது அது. எங்கே ஓடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, உங்கள் கைக்கு அருமையாகப் பொருந்தும்! ஆனால் அளவோடு. அதிகமானால் காலப்போக்கில் தாளையே அரித்துவிடும்.

அப்புறம், நன்றாகக் காய்ந்தபிறகே சட்டமிடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. ஈரம் கசியும் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம்.