அமெரிக்காவோட டிரிஃப்டர்ஸ் பாட்டு குரூப் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கேள்வி: அண்ணா, ஒவ்வொரு பாட்டுலயும் வேற வேற குரலா கேக்குதே, எல்லாம் ஒரே குரூப்தானா?

பேரு ஒண்ணு, ஆளுங்க வேற வேற. 1953ல அட்லாண்டிக் ரெக்கார்ட்ஸ்ங்கிற இசைத்தட்டு கம்பெனிய நடத்தின அஹ்மத் எர்டெகுன், கிளைட் மெக்ஃபாட்டர்ங்கிற பாடகர வச்சு ஆரம்பிச்ச குரூப் இது. முதல் பாட்டு 'மனி ஹனி' செம ஹிட். அடுத்த வருஷமே அவர மிலிட்டரிக்கு கூப்ட்டுட்டாங்க, அப்புறம் தனியா பாடப்போறேன்னு தன்னோட பங்க மேனேஜர் ஜார்ஜ் ட்ரெட்வெல்கிட்ட வித்துட்டாரு. வினையே அங்கதான். குரூப் பேரு முதலாளியோடது, பாடறவங்களுக்கு வாரச் சம்பளம் மட்டும்தான், பாட்டு எவ்ளோ வித்தாலும் அதே சம்பளம்.

கேள்வி: மொத்த குரூப்பையும் ஒரே நாள்ல தூக்கினாங்கன்னு சொல்றாங்களே, நெஜமாவா ப்ரோ?

நெஜம்தான். 1958ல நியூயார்க் அப்பல்லோ தியேட்டர்ல ஒரு தகராறு, ட்ரெட்வெல் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. ஆனா அந்த பேருல தியேட்டருக்கு ஒத்துக்கிட்ட ஷோ பாக்கி இருக்கே? அங்கயே பாடிட்டிருந்த ஃபைவ் கிரவுன்ஸ்னு ஒரு சின்ன குரூப்ப கூப்ட்டு, இனிமே நீங்கதான் டிரிஃப்டர்ஸ்னு சொல்லிட்டாரு. அதுல ஒருத்தர்தான் பென் ஈ. கிங்.

கேள்வி: 'தேர் கோஸ் மை பேபி'ல அந்த டிரம் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

காது நல்லா இருக்கு உங்களுக்கு! 1959 ரெக்கார்டிங், லீபர் - ஸ்டோலர்ங்கிற ஜோடியோட தயாரிப்பு. ஸ்டுடியோல கெடந்த டிம்பனிங்கிற பெரிய அண்டா மாதிரி டிரம்ம ட்யூன் பண்ணத் தெரியாம அப்படியே அடிச்சாங்க, மேல வயலின் கோஷ்டி, அதுக்கும் மேல கிங் குரல். குரூப்ல இருந்த சார்லி தாமஸ்தான் லீட் (முக்கிய குரல்) பாடணும், மைக் முன்னாடி ஒதறல் எடுத்துருச்சு, பாட்ட எழுதினதுல கிங்குக்கும் பங்கு இருந்ததால அவரே பாடிட்டாரு. அட்லாண்டிக் கம்பெனி பெரிய ஆளு ஜெர்ரி வெக்ஸ்லருக்கு சுத்தமா புடிக்கல, ஆனா அமெரிக்க பாப் லிஸ்ட்ல 2வது எடம் போச்சு. என்ன கேட்டா அந்த சுதி வெலகின டிம்பனிதான் பாட்டோட உசுரே.

கேள்வி: கிங் ஏன் சீக்கிரமே போயிட்டாரு?

சம்பளம் கூட்டிக் கேட்டாரு, ட்ரெட்வெல் மாட்டேன்னுட்டாரு, அவ்ளோதான். 1961ல தனியா 'ஸ்டாண்ட் பை மீ' வந்துச்சு, மீதிய ஊரே சொல்லும்.

கேள்வி: சார், 'அண்டர் தி போர்டுவாக்' பாட்டுல இருக்கறது ரூடி லூயிஸா?

இல்ல, ஜானி மூர். (போர்டுவாக்னா பீச் ஓரமா போட்ட பலகைப் பாதை.) கிங்குக்கு அப்புறம் 'அப் ஆன் தி ரூஃப்', 'ஆன் பிராட்வே' எல்லாம் ரூடி லூயிஸ்தான், என்னோட ஃபேவரிட்டும் அவர்தான். 1964 மே மாசம், 'அண்டர் தி போர்டுவாக்' ரெக்கார்டிங்குக்கு மொத நாள் ராத்திரி எறந்துட்டாரு. செஷன் நிக்கல. 1955லயே இந்த குரூப்ல இருந்து, மிலிட்டரிக்கு போயிட்டு திரும்பி வந்திருந்த மூர் லீட் பாடினாரு. மொத வரில அந்த குரல் எவ்ளோ அடங்கி வருதுன்னு கேளுங்க, இது தெரிஞ்சப்புறம் எனக்கு அது பீச் பாட்டாவே கேக்க மாட்டேங்குது.

கேள்வி: இப்ப யாரு ஒரிஜினல்?

ஹாஹா, இதுக்கு கோர்ட்ல கேஸே நடந்திருக்கு. 1967ல ட்ரெட்வெல் எறந்தப்புறம் குரூப் அவரு மனைவி ஃபே கைக்கு வந்துச்சு, மூர வச்சு இங்கிலாந்துல 1970கள்ல மறுபடி ஹிட்டுங்க குடுத்தாங்க. இந்தப்பக்கம் குரூப்ல பழைய பேஸ் (கீழ் சுதி) குரல் பில் பிங்க்னி 'ஒரிஜினல் டிரிஃப்டர்ஸ்'னு அமெரிக்காவுல தனியா ஓட்டினாரு. 1988ல பெரிய இசைக்கலைஞர்கள கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல 7 பேர சேத்தாங்க, மெக்ஃபாட்டர்லேந்து ரூடி லூயிஸ் வரைக்கும், அதனால யாரு ஒரிஜினல்னு அவங்களும் முடிவு பண்ணல போல.