ரப்பர் கொட்டை எண்ணெயில் பம்ப்செட் ஓடுமா?

கேள்வி: அருமனைப் பக்கம் கொஞ்சம் ரப்பரும் தென்னையும் இருக்கின்றன. தண்ணீர் இறைக்க 5 குதிரைத்திறன் டீசல் பம்ப்செட். ஆடி, ஆவணியில் ரப்பர் கொட்டை உதிர்ந்து வீணாகிறது. அதை ஆட்டி எண்ணெயை டீசலுக்குப் பதிலாக ஊற்றலாமா?

பதில்: ஊற்றினால் ஓடும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியிலேயே டீசல் இன்ஜின் ஒன்றைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். எத்தனை நாள் ஓடும் என்பதில்தான் சிக்கல்.

ஆட்டியபடியே இருக்கும் பச்சை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்காவது கெட்டி. எரிபொருளை இன்ஜினுக்குள் தெளிக்கும் நாசிலிலிருந்து பனிப்புகைபோல் சிதறவேண்டியது தாரையாக விழும், பாதி எரியாது. நாசில் முனையில் கரி கட்டும். எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி, இன்ஜின் ஆயிலைக் கூழாக்கிவிடும். ரப்பர் கொட்டை எண்ணெய்க்கு இன்னொரு குணமும் உண்டு. கண்ணாடித் துண்டில் மெல்லத் தடவி வெயிலில் வைத்துப் பாருங்கள். நாளாக ஆகப் பிசினாக ஒட்டும். பெயின்ட் தயாரிப்பில் இதைச் சேர்ப்பதற்கு அந்தக் குணம்தான் காரணம். பெயின்டுக்கு நல்லது, நாசிலுக்கு ஆகாது.

பயோடீசலாக மாற்றினால் கெட்டித்தன்மை போய்விடும். மெத்தனால் என்ற ஒருவகைச் சாராயமும், காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்த்து 60 டிகிரி அளவில் சூடாக்கினால் கிளிசரின் கீழே தங்கும், எரிபொருள் மேலே நிற்கும். ஆனால் ஈரத்தில் கிடந்த கொட்டையின் எண்ணெயில் அமிலம் மிகுதி. நேராகக் காரம் சேர்த்தால் உங்களுக்குக் கிடைப்பது சோப்புதான். முதலில் கந்தக அமிலத்தையும் மெத்தனாலையும் கொண்டு எண்ணெயில் உள்ள அந்த அமிலத்தைக் குறைக்க வேண்டும். மெத்தனால் கொடிய விஷம், எளிதில் தீப்பற்றும். கொல்லைப்புறத்தில் செய்யும் வேலையே அல்ல இது.

தேங்காய் எண்ணெய் அப்படிப் பிசினாகாது. வனுவாட்டுத் தீவுகளில் அதை இன்ஜின்களில் எரித்திருக்கிறார்கள். இங்கோ மார்கழி விடியலில் குப்பியிலேயே உறைந்து நிற்கும். அதன் விலையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், கொட்டையை உடனே பொறுக்கி உலர்த்தி ஆலைக்கு விற்றுவிடுங்கள். தரமான பயோடீசல் கிடைத்தால் டீசலோடு, மொத்தம் 100 லிட்டரில் 20 லிட்டர்வரை கலக்கலாம். அப்போதும் இன்ஜினை நிறுத்துவதற்கு முன் சிறிது நேரம் வெறும் டீசலில் ஓட்டுங்கள். எரிபொருள் குழாயையும் பாருங்கள். இயற்கை ரப்பர் குழாய் பயோடீசலில் ஊறி உப்பிவிடும். ரப்பர் விவசாயியிடம் இதைச் சொல்ல வருத்தம்தான், ஆனால் அந்த ஒரு இடத்தில் செயற்கை ரப்பரே வேண்டும்.