பன்டரின் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல், அதன் 2023 ஆட்டத்தின் பதிவைச் சமீபத்தில்தான் முழுதாகப் பார்த்தேன். நான்காவது குவார்ட்டரில் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பன்டர் (பந்தைக் கையிலிருந்து விட்டு உதைத்து எதிரணிப் பக்கம் தள்ளுபவர்) ஆரின் சிபோஸ் உதைத்த பந்தைக் கேன்சஸ் சிட்டியின் கடாரியஸ் டோனி பிடித்து 65 யார்டு ஓடிவிட்டார். அந்த உதை வெறும் 38 யார்டு. சிபோஸ் ஆஸ்திரேலியாவில் செயின்ட் கில்டாவுக்கு ஆடியவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நாட்டுக் கால்பந்து லீகான ஏஎஃப்எல்லில் ஐம்பது மீட்டருக்கு அப்பாலிருந்தே கோல் அடிக்கிறார்கள். சிறுவயது முதல் அதே வேலையைச் செய்தவர்களுக்கு இது ஏன் கடினமாக இருக்கிறது? ஓராண்டு, இரண்டாண்டு பயிற்சி எடுத்துவிட்டுத்தான் அமெரிக்கா போகிறார்கள் என்கிறார்கள். அதில் அப்படி என்னதான் கற்றுக்கொள்கிறார்கள்?

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

முதலில் அந்த 38 யார்டைப் பார்ப்போம். ஏஎஃப்எல்லில் உதையின் தூரம் காலிலிருந்து அளக்கப்படுகிறது. அமெரிக்க லீகான என்எஃப்எல்லில் பந்து ஆட்டத்துக்கு வரும் கோட்டிலிருந்து அளக்கிறார்கள். பன்டர் நிற்பது அந்தக் கோட்டுக்குச் சுமார் 15 யார்டு பின்னால். இரண்டு மூன்று யார்டு முன்னேறி உதைக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 38 யார்டு பன்ட் உண்மையில் 50 யார்டு, அதாவது 46 மீட்டர் பறந்திருக்கிறது. நல்ல பன்ட் எனப்படும் 45 யார்டு உதை காலிலிருந்து 52 மீட்டர். ஆகவே சிபோஸின் காலில் வலு போதவில்லை என்று நினைக்க வேண்டாம். அந்தப் பந்து தாழ்வாகப் போனது, கோளாறு அங்கேதான்.

பத்து யார்டு கடக்க ஓர் அணிக்கு நான்கு முயற்சி. மூன்றில் கடக்காத அணி, எதிரணி தொலைவிலிருந்து தொடங்கும்படி நான்காவது முயற்சியில் பந்தை உதைத்துத் தள்ளிவிடுவதுதான் பன்ட். என்எஃப்எல் விதிப்படி உதைக்கும் அணியில் இரு ஓரங்களிலும் நிற்கும் கன்னர்கள் மட்டுமே ஸ்னாப் (கோட்டின் நடுவிலிருப்பவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறிவது) ஆனவுடன் ஓடலாம். மற்ற எட்டுப் பேரும் பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகுதான் கோட்டைத் தாண்டலாம். அவர்கள் நாற்பது மீட்டர் ஓடிப் போய்ச் சேர நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தருவது ஹேங் டைம், அதாவது பந்து வானில் நிற்கும் நேரம். 45 யார்டுக்கு 4.5 விநாடி என்பது பொதுவான இலக்கு. அரை விநாடி குறைந்தால் ஒவ்வொரு ஆளும் நான்கு மீட்டர் பின்தங்கிவிடுவார். பிடிப்பவருக்கு அந்த இடைவெளியே போதும். டோனிக்கும் அதுதான் கிடைத்தது. ஒரு பக்கம் குவிந்த ஆட்களை விட்டு மறுபக்கம் திரும்பி, ஈகிள்ஸின் கோல் கோட்டுக்கு ஐந்தே யார்டு முன்னால் உள்ள ஐந்து யார்டுக் கோடு வரை போய்விட்டார். சூப்பர் பவுல் வரலாற்றிலேயே நீளமான பன்ட் ரிட்டர்ன் அது.

காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், 4.5 விநாடி நிற்கும் பந்து ஏறக்குறைய 25 மீட்டர் உயரம் போக வேண்டும், 3.5 விநாடிக்கு 15 மீட்டர் போதும். ஏஎஃப்எல்லில் ஓடிவரும் சகவீரரின் மார்புக்குப் பந்தைச் செலுத்துபவர் பத்துப் பதினைந்து ஆண்டுகளாகப் பழகியது தாழ்வான பாதை. உயரமாகத் தூக்கினால் எதிரணி வந்து பந்தைத் தட்டிவிடும் என்பதால் அங்கே அது தவறான உதை. இங்கே வந்ததும் அந்த உடற்பழக்கத்தையே மாற்ற வேண்டியிருக்கிறது. என் கணிப்பில் பயிற்சிக் காலத்தில் பாதி இதற்கே போகிறது.

எப்படி மாற்றுகிறார்கள்? காலைப் பார்த்துப் பயனில்லை, கையைப் பாருங்கள். ஃபூட்டியின், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தின், வழக்கமான உதையான ட்ராப் பன்ட்டில் பந்து செங்குத்தாக விழும். அதன் கீழ்முனையைக் கால் தரைக்கு அருகில் சந்திக்கும், உடல் பந்தின் மேல் கவிந்திருக்கும், பந்து பின்புறமாகச் சுழன்று போகும். பந்து நீளவாட்டில் திருகிச் சுழன்று போகும் அமெரிக்க உதையான ஸ்பைரலில் அதைப் படுக்கைவாட்டில் விட வேண்டும். வலதுகாலால் உதைப்பவர் என்றால் பந்து வலது கையில், கை ஏறக்குறைய நீட்டியபடி, வலது இடுப்புக்கு நேரே இருக்கும். பந்தின் முன்முனை சற்று உள்நோக்கியும் மிகச் சற்றே கீழ்நோக்கியும் இருக்க வேண்டும். இடது கை முதலில் விலகும். வலது கை பந்தைத் தூக்கிப் போடக் கூடாது, தளும்ப நிறைந்த டம்ளரை மேசையில் வைப்பதுபோல அசங்காமல் விட்டு விலக வேண்டும். கால் பந்தை முழங்கால் உயரத்தில் சந்திக்கும். கால்விரல்கள் நீட்டி, கணுக்கால் இறுகி, புறங்காலின் கெட்டியான எலும்பு பந்தின் வயிற்றில் படவேண்டும். உடம்பு நிமிர்ந்தே இருக்கும். உதைத்த கால் தலை உயரத்துக்குப் போகும்.

இதில் வரும் பிழைகள் பெரும்பாலும் கையில்தான் தொடங்குகின்றன. பந்தை வெளிப்பக்கம் விட்டால் பாதத்தின் ஓரத்தில் பட்டு வலப்புறம் சிதறி இருபது யார்டில் மைதானத்தை விட்டு வெளியேறும். உள்பக்கம் விட்டால் கால் உடலின் குறுக்கே போய்ப் பந்து இடப்புறம் இழுக்கும். முன்முனை மேலே தூக்கியிருந்தால் உச்சிக்குப் போன பந்து கவிழாமல் தடுமாறிக்கொண்டே விழும், தூரம் கெடும். அதிகமாகக் கவிழ்ந்திருந்தால் தாழ்ந்து பாயும். பழைய பழக்கத்தில் பந்து முழங்காலுக்குக் கீழே இறங்கும்வரை காத்திருந்தாலும் தாழ்ந்த பந்துதான் வரும்.

பந்தும் வேறு. ஏஎஃப்எல்லில் ஆடும் ஷெரின் பந்தின் முனைகள் உருண்டையானவை, எடை 450 முதல் 500 கிராம், காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 9 முதல் 11 பவுண்டு. என்எஃப்எல் பந்து 397 முதல் 425 கிராம்தான், முனை கூர், அழுத்தம் 12.5 முதல் 13.5 பவுண்டு. சுற்றளவில் இரண்டும் நெருங்கி வந்தாலும், கெட்டியான கூர்முனைப் பந்தில் சரியாகப் படவேண்டிய இடம் சிறியது. ஷெரினில் ஐந்து மீட்டர் விலகலோடு தப்பிக்கும் பிழை இங்கே உதையையே கெடுத்துவிடும்.

அடுத்தது நேரம். ஸ்னாப் 15 யார்டு கடந்து கைக்கு வர 0.75 முதல் 0.8 விநாடி. கையிலிருந்து காலுக்கு 1.3 விநாடிக்குள் முடிய வேண்டும். மொத்தம் இரண்டு விநாடியை அதிகம் தாண்டினால் பந்து தடுக்கப்படும். ஃபூட்டியில் ஐந்தாறு எட்டு ஓடி வேகம் சேர்த்தவருக்கு இங்கே கிடைப்பது வலது, இடது, உதை, அவ்வளவே. அந்த இரண்டு எட்டும் நேர்கோட்டில் இருக்க வேண்டும். காப்பாளர்கள் ஓரிடத்தை மனதில் வைத்து வளையம் கட்டுகிறார்கள். பன்டர் ஒரு யார்டு பக்கவாட்டில் நகர்ந்தாலும் எதிராளிக்கு வழி திறந்துவிடுகிறது.

அப்படியானால் ஆஸ்திரேலியர்களை ஏன் தேடிப் பிடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். ஸ்பைரலை அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தாலும், அமெரிக்கர்களிடம் இல்லாத ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். மைதானத்தின் நடுக்கோட்டிலிருந்து உதைக்கும் ஸ்பைரல் முன்முனை குத்தி விழுந்தால் துள்ளி, எதிரணியின் கோல் கோட்டுக்குப் பின்னுள்ள எண்ட் ஸோனுக்குள் போய்விடும். அது டச்பேக், எதிரணி 20 யார்டுக் கோட்டில் தொடங்கும், நிகர லாபம் 30 யார்டு. அதே இடத்திலிருந்து ட்ராப் பன்ட் உதைத்தால் பின்சுழற்சி இருப்பதால் தரையில் பட்டு நிற்கும், சில சமயம் பின்னோக்கியே துள்ளும். 8 யார்டுக் கோட்டில் நின்றால் லாபம் 42. இந்த வித்தையை என்எஃப்எல்லில் நிலைநிறுத்தியவர் டேரன் பென்னட். வெஸ்ட் கோஸ்ட், மெல்பர்ன் அணிகளில் ஆடியவர், 1993இல் தேனிலவுக்குக் கலிஃபோர்னியா போன இடத்தில் சான் டியேகோ சார்ஜர்ஸிடம் வாய்ப்புக் கேட்டார். 1994 முழுவதும் பயிற்சிக் குழுவில் இருந்தார், 1995இல் முதல் ஆண்டிலேயே சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். நீங்கள் கேட்ட அந்த ஓராண்டு அவருக்கும் தேவைப்பட்டது.

ஓடிக்கொண்டே, எந்த நிலையிலிருந்தும் உதைப்பது இன்னொரு சொத்து. 2021 அக்டோபர் 7 அன்று ராம்ஸ் அணிக்கு எதிராக சியாட்டிலின் ஆஸ்திரேலிய பன்டர் மைக்கேல் டிக்சனின் பந்து தடுக்கப்பட்டது. கிடந்த பந்தை எடுத்து வலப்புறம் ஓடியபடியே மறுபடி உதைத்தார், 68 யார்டு போயிற்று. அமெரிக்காவில் வளர்ந்த பன்டருக்கு அந்தக் கணத்தில் பந்தின்மேல் விழுந்து படுக்கத்தான் தோன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

பென் கிரஹாம் ஏஎஃப்எல் அணியான ஜீலாங்கின் கேப்டனாக இருந்தவர், 31 வயதில் நியூயார்க் ஜெட்ஸுக்குப் போனார். சாவ் ரோக்கா 33 வயதில், 2007இல் ஈகிள்ஸுக்கு. ஏஎஃப்எல்லிலிருந்து நேரே என்எஃப்எல்லுக்குப் போகும் அந்த வழி இன்று ஏறக்குறைய அடைபட்டுவிட்டது. 32 அணிகள், அணிக்கு ஒரு பன்டர். இப்போதைய வழி கல்லூரி. முன்னாள் வீரர் நேதன் சாப்மன் 2007இல் தொடங்கிய ப்ரோகிக் ஆஸ்திரேலியா அதற்குத்தான் ஆள் தயார்செய்கிறது. கல்லூரி விதிப்படி உதைக்கும் அணியில் யாரும் ஸ்னாப் ஆனதும் ஓடலாம். அதனால் பக்கவாட்டில் ஓடித் தாழ்வாக உருட்டிவிடும் ஆஸ்திரேலிய உதையே அங்கே பலிக்கிறது, ஸ்பைரலைச் சீராக்கிக்கொள்ள அவகாசமும் கிடைக்கிறது. சிறந்த கல்லூரி பன்டருக்கான ரே கை விருதை 2013 முதல் 2017 வரை ஐந்து ஆண்டும் ஆஸ்திரேலியர்களே வாங்கினார்கள். ஆனால் அந்த உருட்டு உதையை மட்டும் நம்பி நான்கு ஆண்டு ஓட்டியவர் என்எஃப்எல் தேர்வில் நிற்க மாட்டார். அங்கே முதலில் பார்ப்பது ஹேங் டைம்.

பயிற்சி என்று கேட்டால், உதைக்காத பயிற்சிதான் முக்கியம். ஒரு கோட்டின் மேல் நின்று, காலை அசைக்காமல், பந்தை விட்டு விட்டுப் பார்க்க வேண்டும். தட்டையாக விழுந்த பந்து நேராக எழும், கோணலாக விட்டது பக்கத்தில் துள்ளி ஓடும். தினமும் நூறு முறை செய்யலாம், உடம்புக்குச் செலவே இல்லை. முழு உதையை நாளுக்கு நாற்பது ஐம்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தொடையும் இடுப்பும் களைத்த பிறகு உதைக்கும் ஒவ்வொரு உதையும் தப்பான உயரத்தையே பழக்கும்.

கடைசியாக, பலரும் கவனிக்காத ஒன்று. என்எஃப்எல்லில் ஃபீல்ட் கோல், அதாவது கம்பங்களுக்கிடையே உதைத்துப் புள்ளி எடுக்கும் உதை, உதைக்கும்போது பந்தைத் தரையில் பிடித்துக்கொடுப்பவர் பெரும்பாலும் பன்டர்தான். கோட்டுக்கு ஏழெட்டு யார்டு பின்னால் முழங்காலிட்டு, வேகமாக வரும் பந்தை இரு கையாலும் வாங்கி, குறித்த இடத்தில் ஊன்றி, தையல் கோல் கம்பத்தை நோக்கி இருக்கும்படி திருப்பிவிட வேண்டும். ஸ்னாப் முதல் உதை வரை 1.3 விநாடி. ஃபூட்டியில் இதற்கு ஈடான வேலையே கிடையாது. அங்கிருந்து கிளம்புபவர் முதல் வாரத்திலிருந்தே இதையும் பழக வேண்டும்.