எகிப்துக்குச் சுற்றுலா போவது ஆபத்தா? செய்தியில் காட்டுவதை நம்பலாமா?

டிக்கெட் போடும் நேரத்தில் வீட்டில் யாராவது டிவியைக் காட்டி "இந்த ஊருக்கா போகணும்?" என்று கேட்டிருப்பார்கள். ஆபத்தே இல்லை, எல்லாம் ஊடகப் பொய் என்று சொல்ல வரவில்லை. 2015 அக்டோபர் 31 அன்று எகிப்தின் செங்கடல் கரைச் சுற்றுலா ஊரான ஷரம் எல் ஷேக்கிலிருந்து கிளம்பிய ரஷ்ய விமானம் அங்குள்ள சினாய் தீபகற்பத்தில் விழுந்து 224 பேரும் இறந்தார்கள். ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு பொறுப்பேற்றது.

ஆனால் சுற்றுலாவை வருடக்கணக்கில் முடக்குவது அதற்குப் பின் நடப்பதுதான். "அத்தியாவசியம் என்றால் மட்டும் போங்கள்" என்று பிரிட்டன் அரசு எச்சரித்துவிட்டால் அங்குள்ள பெரும்பாலான பயணக் காப்பீடுகள் செல்லாது. காப்பீடு இல்லாமல் பேக்கேஜ் நிறுவனங்கள் ஆள் அனுப்பாது. ஆள் இல்லாவிட்டால் அந்த நிறுவனங்கள் வாடகைக்கு எடுக்கும் சார்ட்டர் விமானம் நிற்கும், ஹோட்டல் மூடும். ஷரம் எல் ஷேக் விஷயத்தில் பிரிட்டன் வேண்டாம் என்றது அந்த விமான நிலையம் வழியே பறப்பதைத்தான், ஊரை அல்ல. ஆனால் கெய்ரோவில் இறங்கி 500 கி.மீ. சாலையில் யார் போவார்கள்? அந்த எச்சரிக்கை 2019 அக்டோபரில்தான் நீங்கியது. ரஷ்யாவிலிருந்து செங்கடல் கரைக்கு விமானங்கள் திரும்ப 2021 ஆகஸ்ட் ஆனது. 2010இல் சுமார் 1.47 கோடிப் பேர் வந்த எகிப்துக்கு 2016இல் வந்தவர்கள் சுமார் 54 லட்சம். இடையில் 2011 புரட்சியும் உண்டு, பழி முழுவதையும் விமானத்தின் மேல் போட முடியாது.

அந்த விமானம் விழுந்த இரண்டே வாரத்தில் பாரிஸில் 130 பேர் கொல்லப்பட்டார்கள். பிரான்ஸுக்கே போகாதீர்கள் என்று பிரிட்டன் சொல்லவில்லை. அதே வருடம் ஜூனில் துனிசியாவின் சூஸ் கடற்கரையில் 38 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடு முழுவதற்கும் எச்சரிக்கை வந்து, இரண்டு வருடம் நீடித்தது. இறந்தவர்களில் 30 பேர் பிரிட்டன்காரர்கள், அந்த வலி புரிகிறது. ஆனாலும் கடற்கரை ஹோட்டல்களை நம்பிப் பிழைத்தவர்களுக்கு இது அநியாயம்.

நீங்கள் செய்ய வேண்டியது: பிரிட்டன் வெளியுறவுத் துறையின் பயண அறிவுரைப் பக்கத்தில் எகிப்து வரைபடத்தைப் பாருங்கள், யாரும் பார்க்கலாம். செய்தியில் "சினாயில் தாக்குதல்" என்றால் பெரும்பாலும் அது வட சினாய். ஷரம் எல் ஷேக் இருப்பது தென்முனையில். கெய்ரோ, லக்சர், அஸ்வான் மூன்றும் நைல் ஓரம், சினாய்க்கு வெளியே. இந்தியாவில் வாங்கும் பாலிசியில் பயங்கரவாதம் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். காப்பீட்டை டிக்கெட் போட்ட அன்றே எடுங்கள். ஏதாவது நடந்த பிறகு எடுத்தால், முன்பே தெரிந்த சம்பவம் என்று சொல்லி ரத்துச் செலவைத் தர மறுப்பார்கள்.